ஒரே உரிமம், இரண்டு பதவி: ஊட்ரம் மருத்துவர்கள் கட்டிய சங்கம் – ஒரு நிகழ்வு ஆய்வு

1916ஆம் ஆண்டில் பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம், சிங்கப்பூர் மருத்துவப் பள்ளியின் பட்டயத்துக்கு அங்கீகாரம் வழங்கியது. அன்று முதல் இங்கே படித்துத் தேறிய ஒருவர், லண்டனில் படித்தவருக்கு இணையாகப் பதிவேட்டில் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். பேரரசின் எந்தப் பகுதியிலும் தொழில் நடத்தலாம். ஆனால், சொந்த ஊர் அரசாங்க மருத்துவமனையில் அவருக்குக் கிடைத்த பதவி 'அசிஸ்டென்ட் சர்ஜன்'. கப்பலில் வந்திறங்கிய ஐரோப்பியர், அனுபவத்தில் இளையவராக இருந்தாலும், 'மெடிக்கல் ஆபீசர்'. சம்பளமும் பதவி உயர்வும் மரியாதையும் அந்த இரண்டு பெயர்களைப் பொறுத்தே அமைந்தன.

ஏழு ஆண்டுகள் கழித்து, 1923இல், அந்த உதவி மருத்துவர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரி முன்னாள் மாணவர் சங்கம் என்பது அதன் பெயர். கேட்பதற்கு, ஆண்டுக்கொரு விருந்து வைத்துப் பழைய கதை பேசும் அமைப்பைப்போலத் தோன்றும். அடுத்த 36 ஆண்டுகள், உள்ளூர் மருத்துவர்களின் உரிமைக்காக அரசாங்கத்திடம் வாதாடிய குரல் அதுதான்.

குறையொன்றைச் சொல்வதற்காகத் தொடங்கிய அமைப்பு, அந்தக் குறை தீர்ந்த பிறகும் எப்படி நூறாண்டைக் கடந்தது என்பதே இந்த ஆய்வின் கேள்வி. என் முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். தான் செய்துவந்த வேலைகளைக் காலம் அறிந்து மற்றவர் கையில் ஒப்படைத்ததால்தான் அது நிலைத்தது. அப்படிக் கைமாறிய வேலைகளுள் ஒன்று மட்டும் யார் கைக்கும் சரியாகப் போய்ச் சேரவில்லை. மாணவரையும் மூத்த மருத்துவரையும் ஒரே மேசையில் உட்காரவைக்கும் வேலை அது. சிங்கப்பூர்த் தமிழருக்கு இதில் தனி அக்கறை இருக்கவேண்டும் என்று நான் கருதுகிறேன். காரணம் பின்னால் வரும்.

பள்ளி எழுந்த விதம்

1904இல் டான் ஜியாக் கிம் தலைமையில் சீன சமூகத்தினரும் ஐரோப்பியரல்லாத பிற சமூகத்தினரும் ஆளுநர் ஜான் ஆண்டர்சனிடம் ஒரு மனு கொடுத்தார்கள். உள்ளூர் மக்களுக்கு மருத்துவம் பார்க்க உள்ளூர் மக்களே படித்து வரவேண்டும், அதற்கு ஒரு பள்ளி வேண்டும் என்பது கோரிக்கை. பணத்தை நீங்களே திரட்டிக் காட்டுங்கள் என்றது அரசாங்கம். டான் ஜியாக் கிம் தம் பங்காக 12,000 வெள்ளி (டாலர்) கொடுத்தார். திரண்ட மொத்தத் தொகை 87,000 வெள்ளிக்கும் மேல். அந்தக் காலத்து வெள்ளியில் அது பெருந்தொகை.

1905 ஜூலை 3ஆம் தேதி வகுப்பு தொடங்கியது. இடம், இன்று ஊட்ரம் எனப்படும் வட்டாரத்தின் சிப்பாய் லைன்ஸ் பகுதியில் முன்பு பெண்களுக்கான மனநல விடுதியாக இருந்த கட்டடம். இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட சிப்பாய்கள் ஒருகாலத்தில் முகாமிட்டிருந்த அந்தப் பகுதியில்தான் இன்றும் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை நிற்கிறது. முதல் வகுப்பில் 23 மாணவர்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1910இல், முதன்முதலாகத் தேறி வெளியே வந்தவர்கள் ஏழு பேர்.

அதன்பின் நடந்த பெயர் மாற்றங்களை விரைவாகக் கடந்துவிடலாம். டாக்டர் லிம் பூன் கெங் முன்னின்று தொடங்கிய நினைவு நிதியிலிருந்து வந்த 120,000 வெள்ளியால் 1913இல் ஏழாம் எட்வர்ட் மன்னரின் பெயர் பள்ளிக்குச் சூட்டப்பட்டது. 1921இல் பள்ளி, கல்லூரியானது. 1926 பிப்ரவரியில் பெருந்தூண்கள் வரிசையாக நிற்கும் கல்லூரிக் கட்டடம் திறக்கப்பட்டது. அதற்குப் பக்கத்தில், மலாக்காவின் ரப்பர்த் தோட்ட முன்னோடி டான் சே யான் தம் தந்தையின் நினைவாக 1911இல் கட்டிக்கொடுத்த டான் டெக் குவான் கட்டடம் இருக்கிறது. இரண்டும் 2002 முதல் தேசிய நினைவுச்சின்னங்கள்.

இந்தப் பள்ளி மக்கள் பணத்தில் எழுந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் 1923இன் கோபம் புரியும். ஊர் கூடிப் பணம் போட்டுக் கட்டிய பள்ளியில் படித்தவர்களை, அதே ஊர் மருத்துவமனையில் இரண்டாம் வரிசையில் நிறுத்தியது காலனித்துவ ஆட்சி.

ஏன் ஒரு 'முன்னாள் மாணவர்' சங்கம்?

மருத்துவர்களுக்கு அப்போது வேறு அமைப்பே இல்லாமல் இல்லை. 1890இலேயே நீரிணை மருத்துவச் சங்கம் என்று ஒன்று தோன்றி, 1894இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் மலாயாக் கிளையாக மாறியிருந்தது. அதன் பார்வை இயல்பாகவே ஐரோப்பிய மருத்துவர்களின் பார்வை. உதவி மருத்துவர்களின் சம்பளக் குறை அங்கே முதல் பொருளாக எடுத்துக்கொள்ளப்படும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

அரசாங்க ஊழியர்கள் தொழிற்சங்கம் என்ற பெயரில் கூடுவது அன்றைய சூழலில் எளிதல்ல. படித்த கல்லூரியின் பெயரில் கூடுவதை யாரும் தடுக்க முடியாது. இது என் ஊகம்தான். ஆனாலும் அந்த வடிவத்துக்கு இன்னொரு பலமும் இருந்தது. கல்லூரியில் படித்தவர்கள் ஒரே ஊரில் வேலை பார்க்கவில்லை. பினாங்கு, ஈப்போ, கோலாலம்பூர், மலாக்கா, சிங்கப்பூர் என்று தீபகற்பம் முழுவதும் பரவியிருந்தார்கள். தோட்டப்புற மருத்துவமனையில் தனியாளாக இருந்தவருக்கும் நகரத்து மருத்துவமனையில் இருந்தவருக்கும் பொதுவாக இருந்தது, சிப்பாய் லைன்ஸில் கழித்த மாணவப் பருவம் மட்டுமே. அதனால் சங்கமும் வடக்குக் கிளை, மத்தியக் கிளை, தெற்குக் கிளை என்று மூன்று காலில் நின்றது. பினாங்கில் ஒன்று, கோலாலம்பூரில் ஒன்று, சிங்கப்பூரில் ஒன்று. பிற்காலத்தில் சிங்கப்பூரும் மலேசியாவும் தனித்தனி நாடுகளானபோதும் இந்த அமைப்பு பிளவுபடாமல் இருந்ததற்கு இந்த ஏற்பாடே முக்கியக் காரணம் என்பேன்.

முன்நின்றவர் டாக்டர் சென் சு லான், 1910இல் தேறிய அந்த ஏழு பேரில் ஒருவர். இவரைப் பற்றிச் சற்று நின்று பேசவேண்டும். அபின் விற்பனையால் அரசாங்கத்துக்கே பெருவருமானம் வந்துகொண்டிருந்த காலத்தில், அபினை எதிர்த்து வெளிப்படையாகப் பேசியவர் இவர். 1933இல் அபின் பழக்கத்திலிருந்து மக்களை மீட்க ஒரு மருந்தகத்தையும் தொடங்கி நடத்தினார். ஆட்சியாளரின் வருமானத்தில் கைவைக்கத் துணிந்த ஒருவர், ஆட்சியாளரிடம் சக மருத்துவரின் சம்பளத்தைப் பற்றிப் பேசத் தயங்குவாரா? சங்கத்தின் முதல் தலைமுறைக்கு அந்தத் துணிச்சல் இவரைப் போன்றவர்களிடமிருந்தே வந்தது.

அந்தச் சங்கம் தனக்கு மட்டும் கேட்கவில்லை என்பதை இங்கே கவனிக்கவேண்டும். உள்ளூர் மருத்துவர் தாழ்ந்தவர் என்று அரசாங்கமே சொல்லும்போது, அவரிடம் வரும் நோயாளியும் அப்படித்தான் நினைப்பார். பதவிப் பெயரை மாற்றக் கேட்டது, நோயாளியின் நம்பிக்கையை மீட்கக் கேட்டதும் ஆகும். இந்த இரண்டும் ஒன்றாக இருந்தவரையில் சங்கத்தின் வாதத்தில் பிசிறு இல்லை.

மெதுவாக வந்த மாற்றம்

1930களில் உள்ளூர் மருத்துவர்களுக்கென நீரிணை மருத்துவச் சேவை என்ற தனிப்பிரிவு உருவாக்கப்பட்டது. அது முழு வெற்றியல்ல. உயர்பதவிகள் இன்னும் எட்டாத உயரத்தில்தான் இருந்தன. ஆனால் கதவு கொஞ்சம் திறந்தது.

ஒருவரின் வாழ்க்கையைப் பார்த்தால் இந்த மெதுவான மாற்றம் தெளிவாகும். பெஞ்சமின் ஷியர்ஸ் 1929இல் இந்தக் கல்லூரியில் தேறினார். மகப்பேற்று மருத்துவத்தில் அவருடைய கைத்திறனைப் பற்றி யாருக்கும் ஐயமில்லை. மேற்படிப்புக்காக பிரிட்டன் செல்ல 1940இல் அவருக்கு உபகாரச் சம்பளம் கிடைத்தது, போர் குறுக்கிட்டது. 1951இல்தான் அவர் பேராசிரியரானார். தேறியதிலிருந்து கணக்கிட்டால் 22 ஆண்டுகள். பின்னாளில் அவர் சிங்கப்பூரின் அதிபரானார் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அதிபராவதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பு பேராசிரியராவதே பெருந்தடையாக இருந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1942 பிப்ரவரி 14

இந்த வரலாற்றில் மாணவர்களின் பகுதியைச் சொல்லும்போது இந்த நாளைக் கடந்து போக முடியாது.

சிங்கப்பூர் ஜப்பானியரிடம் சரணடைவதற்கு முந்தைய நாள். மருத்துவ மாணவர்கள் மருத்துவமனைகளில் காயம்பட்டவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். டான் டோக் செங் மருத்துவமனைப் பணியில் இருந்த நான்காம் ஆண்டு மாணவர் ஒருவர் குண்டுச் சிதறல் பட்டு இறந்துபோனார். தோழர்கள் அவருடைய உடலைத் தங்கள் கல்லூரி வளாகத்துக்கு எடுத்துவந்தார்கள். அங்கேயே குழி தோண்டி அடக்கம் செய்துகொண்டிருந்தபோது மறுபடியும் குண்டு விழத் தொடங்கியது. நண்பனைப் புதைக்க வந்தவர்களில் பலர் அந்த இடத்திலேயே மாண்டார்கள்.

இருபது வயதை ஒட்டிய பிள்ளைகள். ஊர் முழுக்கப் பிணங்கள் கிடந்த நேரத்தில், ஒரு நண்பனுக்கு முறையாக அடக்கம் செய்யவேண்டும் என்று நினைத்தார்கள். பொது மருத்துவமனை வளாகத்தில் அவர்களுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. தினமும் அந்த வழியாக நடப்பவர்களில் எத்தனை பேர் நின்று படிக்கிறார்கள் என்று தெரியாது. ஊட்ரம் பக்கம் போகும் தமிழ் வாசகர்கள் ஒருமுறையாவது படித்துவிட்டு வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தப்பிப் பிழைத்தவர்கள் 1946இல் கல்லூரி மீண்டும் திறந்தபோது திரும்பி வந்தார்கள். ஏறத்தாழ நான்கு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, பசியையும் சாவையும் அருகிருந்து பார்த்துவிட்டு, மறுபடியும் பாடப்புத்தகத்தைத் திறந்த தலைமுறை அது. அந்தத் தலைமுறைதான் அடுத்த 30 ஆண்டுகள் சிங்கப்பூர் மருத்துவத்தை நடத்தியது. அவர்களுக்குள் இருந்த பிணைப்பை எந்தச் சங்க விதியாலும் உண்டாக்கியிருக்க முடியாது.

ஒப்படைத்தல்

போருக்குப் பின் வேகம் கூடியது. 1948 முதல் சங்கம் தன் பெயரில் ஓர் ஆய்விதழை வெளியிட்டது. மலாயாவில் பார்த்த நோய்களைப் பற்றி மலாயா மருத்துவர்களே எழுதிய கட்டுரைகள் அதில் வந்தன. உரிமை கேட்பதோடு, தங்கள் தகுதியையும் தாளில் காட்டினார்கள். 1949 அக்டோபரில் மருத்துவக் கல்லூரியும் ராஃபிள்ஸ் கல்லூரியும் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகமாயின. 1957இல் சிறப்பு மருத்துவர்களுக்கென மருத்துவக் கழகம் உருவானது. பேராசிரியர் கார்டன் ஆர்தர் ரான்சம் அதன் முதல் தலைவர்.

பிறகு 1959. ஜூன் மாதம் சிங்கப்பூர் தன்னாட்சி பெற்றது. செப்டம்பர் 15ஆம் தேதி சிங்கப்பூர் மருத்துவச் சங்கம் பிறந்தது. முதல் தலைவர் டாக்டர் பி. ஆர். ஸ்ரீனிவாசன். 1960இல் அதன் இதழான சிங்கப்பூர் மருத்துவ இதழ் வெளிவரத் தொடங்கியது.

என் பார்வையில், இந்த ஆய்வின் மையம் இதுதான். அதுவரை மருத்துவர்களுக்காகப் பேசிய இரண்டு அமைப்புகள், பிரிட்டிஷ் சங்கத்தின் மலாயாக் கிளையும் முன்னாள் மாணவர் சங்கமும். முன்னதற்கு நாட்டின் புதிய நிலையில் இடமில்லை. பின்னதற்கு இடமிருந்தது. 36 ஆண்டுகள் போராடிய தகுதியும் இருந்தது. 'நாங்களே தொடர்வோம்' என்று அது பிடிவாதம் பிடித்திருக்கலாம். பல சங்கங்கள் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் வெளிநாட்டில் படித்துவந்த மருத்துவர் ஒருவர், எட்வர்ட் கல்லூரியில் படிக்காத காரணத்தால், தேசிய அமைப்பில் குரலற்றுப் போகலாமா? 1923இல் தங்களுக்கு எந்தக் கதவு மூடியிருந்ததோ, அதே மாதிரிக் கதவை மற்றவருக்கு மூடுவதாகாதா? பேசும் பொறுப்பு எல்லோருக்குமான புதிய சங்கத்திடம் போனது. முன்னாள் மாணவர் சங்கம் தோழமையையும் நினைவையும் தன்னிடம் வைத்துக்கொண்டது. ஊட்ரத்தின் காலேஜ் ரோட்டில் உள்ள முன்னாள் மாணவர் மருத்துவ நிலையத்தில் புதிய சங்கம் நெடுங்காலம் அலுவலகம் நடத்தியது. தம்பிக்கு அண்ணன் வீட்டில் ஓர் அறை ஒதுக்கிக்கொடுத்ததைப்போல.

ஸ்ரீனிவாசனைப் பற்றியும் ஒரு சொல். 1962இல் உருவான சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் இவர்தான். அரசியல் காரணங்களுக்காகச் சில மாணவர்களுக்கு இடம் மறுக்கவேண்டும் என்ற நெருக்குதல் வந்தபோது, மாணவரைச் சேர்ப்பது பல்கலைக்கழகத்தின் உரிமை என்று நின்று, 1963இல் பதவியைத் துறந்தார். பின்னர் பொது மருத்துவர்களுக்கான கல்லூரியை வளர்ப்பதில் முன்நின்றார். இன்றும் அவர் பெயரில் குடும்ப மருத்துவர்கள் ஒரு நினைவுச் சொற்பொழிவு நடத்துகிறார்கள். சங்கம் பழக்கிய நேர்நின்று பேசும் குணத்துக்கு இவரைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

நம் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள்?

அந்தக் கல்லூரியின் வகுப்புகளில் தமிழர் பெயர்கள் எப்போதும் இருந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் தமிழகத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் அங்கே படித்தார்கள். மூவரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பேராசிரியர் கே. சண்முகரத்னம் போரால் படிப்புத் தடைபட்டு 1947இல் தேறினார். நோய்க்கூறியல் அவருடைய துறை. 1968இல் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ப் பதிவகம் அவர் முயற்சியால் தொடங்கியது. யாருக்கு, எந்த வயதில், எந்த இனத்தில், எந்தப் புற்றுநோய் வருகிறது என்ற கணக்கு இல்லாமல் ஒரு நாடு சிகிச்சையைத் திட்டமிட முடியாது. அந்தக் கணக்குக்கு ஒவ்வொரு மருத்துவரும் தாம் கண்ட நோயைத் தெரிவிக்கவேண்டும். பல்லாண்டுகள் அதற்குச் சட்டக் கட்டாயம் கிடையாது. 2007இல் தேசிய நோய்ப் பதிவகச் சட்டம் வந்த பிறகுதான் தெரிவிப்பது கட்டாயமானது. அதுவரை பதிவகம் நடந்தது மருத்துவர்களின் ஒத்துழைப்பால். வேலை முடிந்து களைத்திருக்கும் ஒரு மருத்துவர், கேட்பாரில்லாத ஒரு படிவத்தை ஏன் நிரப்பி அனுப்புவார்? அனுப்பச் சொன்னவரைத் தெரியும், அவர் எதற்குக் கேட்கிறார் என்றும் தெரியும். தொழில்தோழமை என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதன் பயன் இப்படிப்பட்ட இடங்களில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. இன்று புற்றுநோய் ஆய்வில் சிங்கப்பூரின் பழைய புள்ளிவிவரம் மதிக்கப்படுகிறது என்றால், அதற்குள் அந்த நிரப்பப்பட்ட படிவங்கள் இருக்கின்றன.

டாக்டர் ஜே. எம். ஜே. சுப்பிரமணியம் காசநோயோடு வாழ்நாளெல்லாம் மல்லுக்கட்டியவர். போருக்குப் பிந்தைய சிங்கப்பூரில் நெரிசலான கடைவீடுகளில் காசநோய் பரவிக் கிடந்தது. நோயாளி மருந்தை ஊழியர் கண்முன்னே விழுங்குகிறாரா என்று பார்த்துக் கொடுக்கும் முறை, பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்துடன் சேர்ந்து நடத்தப்பட்ட சிகிச்சைச் சோதனைகள் ஆகியவற்றில் அவருக்குப் பெரும் பங்குண்டு. பேராசிரியர் எஸ். எஸ். ரத்னத்தை எல்லோரும் அறிவார்கள். சிங்கப்பூரின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1983இல் பிறந்தது அவர் தலைமையிலான குழுவின் சாதனை.

சண்முகரத்னமும் சுப்பிரமணியமும் ரத்னமும் நம் சமூகத்தின் மேடைகளில் போதுமான அளவு பேசப்படவில்லை என்பது என் வருத்தம். அரசியல் தலைவர்களுக்கும் திரைக் கலைஞர்களுக்கும் கொடுக்கும் இடத்தில் பாதியாவது இவர்களுக்குக் கொடுக்கலாம்.

குரல் சிக்கிய இரண்டு இடங்கள்

பேசும் பொறுப்பை ஏற்ற புதிய சங்கத்துக்கு 1959க்குப் பிறகு வந்த கேள்விகள் 1923இன் கேள்வியைப்போல நேரானவை அல்ல. ஆட்சி நம்முடையது, மருத்துவமனை நம்முடையது. இனி யாரிடம், யாருக்காக வாதாடுவது?

முதலாவது, கட்டணம். 1987இல் மருத்துவச் சங்கம் கட்டண வழிகாட்டியை வெளியிட்டது. எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு வாங்கலாம் என்று மருத்துவருக்கும் நோயாளிக்கும் ஓர் அளவுகோல். போட்டிச் சட்டம் வந்தபின், ஒரே தொழிலில் இருப்பவர்கள் கூடி விலை சொல்வது சட்டத்துக்கு முரணாகலாம் என்ற ஐயம் எழுந்தது. 2007இல் சங்கம் அதைத் திரும்பப் பெற்றது. 2010இல் போட்டி ஆணையமும் அத்தகைய வழிகாட்டி சட்டத்துக்கு ஒவ்வாது என்று முடிவு சொன்னது. அதன்பின் அளவுகோலே இல்லாத பல ஆண்டுகள் கழிந்து, 2018இல் சுகாதார அமைச்சு தானே கட்டண அளவீடுகளை வெளியிட்டது.

இதில் இரு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. விலையை விற்பவர் சங்கம் சொல்லக்கூடாது என்பது பொருளியல் பாடம். ஆனால் அறுவை சிகிச்சை கத்தரிக்காய் வாங்குவதல்ல. நாலு கடை ஏறி விலை விசாரிக்கும் நிலையில் நோயாளி இருப்பதில்லை. அளவுகோல் இருக்கவேண்டும், அதை மருத்துவர்கள் தனியே எழுதக்கூடாது என்று 2018 ஏற்பாடு முடித்துவைத்தது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன். அது வர எடுத்துக்கொண்ட காலம்தான் அதிகம். 1923இல் மருத்துவரின் நலனும் நோயாளியின் நலனும் ஒரே வாதத்தில் அடங்கின. கட்டண விவகாரத்தில் இரண்டும் பிரிந்து நின்றன. சங்கத்தின் சொல்லை மக்கள் சந்தேகத்தோடு கேட்டது அதனால்தான்.

இரண்டாவது, பெண்கள். சிங்கப்பூரின் முதல் பெண் மருத்துவர் லீ சூ நியோ இதே பள்ளியில் படித்தவர், அதுவும் முதல் உலகப் போர்க் காலத்தில். அப்படிப்பட்ட பாரம்பரியம் உள்ள இடத்தில் 1979இல் ஒரு விதி வந்தது: மருத்துவப் படிப்பில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம்தான். பெண்கள் படித்துவிட்டுக் குடும்பத்துக்காகத் தொழிலை விடுகிறார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். 2003ஆம் ஆண்டுவரை அந்த வரம்பு நீடித்தது. ஏறத்தாழ ஒரு தலைமுறை. மதிப்பெண் இருந்தும் இடம் கிடைக்காத மாணவிகள் வேறு படிப்புக்குப் போனார்கள், அல்லது வசதியிருந்தால் வெளிநாடு போனார்கள். தமிழ்க் குடும்பங்களிலும் அப்படிப்பட்ட பெண்கள் உண்டு. இப்போது அவர்களுக்கு ஐம்பது வயதிருக்கும். ஒரே தகுதி, இரண்டு அளவுகோல் என்ற 1923இன் குறை வேறு உருவில் திரும்பி வந்தபோது, அதைத் தீர்க்க இவ்வளவு காலம் ஆகியிருக்கக்கூடாது.

மேசை பிரிந்தபோது

ஊட்ரத்தில் இருந்தவரை எல்லாம் ஒரே மேட்டில் இருந்தன. விரிவுரைக் கூடம், பிணக்கூறாய்வு அறை, நோயாளிக் கூடம், மாணவர் விடுதி, சங்கம். முதலாண்டு மாணவர் நடந்து போகையில் எதிரே வருபவர் அவருடைய பாடப்புத்தகத்தை எழுதியவராகக்கூட இருக்கலாம். 1980களில் மருத்துவத் துறை கெண்ட் ரிட்ஜுக்கு இடம்பெயர்ந்தது. 1985இல் அங்கே தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை திறந்தது. எட்வர்ட் மன்னரின் பெயர் இன்று அங்குள்ள மாணவர் விடுதி ஒன்றில் நிலைத்திருக்கிறது. பிறகு டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளி 2007இலும், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் லீ கோங் சியான் மருத்துவப் பள்ளி 2013இலும் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கின. மூன்று பள்ளிகள், மூன்று மாணவர் அமைப்புகள். நாட்டுக்கு இது தேவையான வளர்ச்சி. ஆனால் 'நாங்கள் அந்தக் கல்லூரிக்காரர்கள்' என்ற ஒற்றைச் சொல்லில் எல்லோரும் அடங்கிய காலம் முடிந்தது.

மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. தேசியப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்கள் தாதிமை மாணவர்களுடன் சேர்ந்து வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வாடகை புளோக்குகளில் வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு பரிசோதிக்கிறார்கள். அப்படியொரு வார இறுதியில் மொழிபெயர்க்க உதவியாகப் போயிருந்தேன். ஓரறை வீட்டில் தனியாக இருந்த ஒரு பெரியவர், கதவுக் கம்பிக்குப் பின்னால் நின்று, "எனக்கு ஒன்றும் இல்லை, போங்கள்" என்று சீன மாணவியிடம் மலாயில் சொன்னார். நான், "ஐயா, விரலில் சின்னக் குத்துதான், காசு வேண்டாம்" என்றதும் கம்பிக் கதவு திறந்தது. சர்க்கரை மிக அதிகம். மாத்திரை இருக்கிறதா என்று கேட்டபோது, மேசைமேல் இருந்த பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினார். பலதுறை மருந்தகத்தில் கொடுத்த மாத்திரை அட்டைகள், ஒன்றுகூடப் பிரிக்கப்படாமல் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தன. தலை சுற்றியதால் நிறுத்திவிட்டாராம். அதை மருத்துவரிடம் சொல்லத் தெரியவில்லையாம். அந்த மாணவி அதைக் குறித்துக்கொண்டு, தொலைபேசியில் ஒரு மூத்த மருத்துவரைப் பிடித்து, அடுத்த வாரமே அவருக்கு முன்பதிவு செய்தாள்.

அந்த மூத்த மருத்துவரின் எண் அவளிடம் இருந்தது என்பதுதான் செய்தி. எல்லா மாணவர்களிடமும் அப்படியோர் எண் இருக்காது. ஊட்ரம் மேட்டில் அது தானாகக் கிடைத்தது. இப்போது யாராவது ஏற்பாடு செய்தால்தான் கிடைக்கும்.

2020இல் வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகளில் கொவிட் பரவியபோதும் இதையே பார்த்தோம். தமிழ், வங்காளம் பேசும் ஆயிரக்கணக்கான ஊழியர்களுக்கு மருத்துவம் பார்க்கப் போனவர்களில் பெரும்பாலோருக்கு அந்த மொழிகள் தெரியாது. இளம் மருத்துவர்களும் மாணவர்களும் தொண்டர்களும் சேர்ந்து மொழிபெயர்ப்பு இணையத்தளங்களையும் அட்டைகளையும் சில நாட்களில் தயாரித்தார்கள். 'மூச்சு வாங்குகிறதா', 'எத்தனை நாளாகக் காய்ச்சல்' என்று கேட்கக் கற்றுக்கொண்டார்கள். பாராட்டவேண்டிய உழைப்பு. ஆனால் ஒவ்வொரு நெருக்கடியிலும் புதிதாகத் தொடங்காமல், அந்தச் சொற்பட்டியலும் ஆள்பட்டியலும் எங்காவது நிலையாக இருக்கவேண்டும். அப்படி வைத்துக் காப்பது சங்கத்தின் வேலை. தமிழ் தெரிந்த மூத்த மருத்துவர்கள் முன்வந்தால், மூன்று பள்ளித் தமிழ் மாணவர்களையும் ஆண்டுக்குச் சிலமுறை ஒரே மேசையில் அமர்த்தி, நோயாளியிடம் தமிழில் பேசும் பயிற்சியை முறையாகக் கொடுக்கலாம். வீட்டில் தமிழ் பேசும் மாணவர்கூட, 'சிறுநீரகம் பழுதாகிறது' என்பதை ஒரு பாட்டிக்குப் பயமுறுத்தாமல் சொல்லத் திணறுவதை நான் கண்டிருக்கிறேன்.

இன்னொரு வேலையும் காத்திருக்கிறது, அதற்குக் காலம் குறைவு. ஊட்ரத்தில் படித்த தலைமுறையில் மிச்சமிருப்பவர்கள் எண்பதையும் தொண்ணூறையும் தொட்டுவிட்டார்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் இத்தகையோரின் குரல்களைப் பதிந்துவருகிறது. பொது மருத்துவமனையின் பௌயர் கட்டடத்தில் அருங்காட்சியகமும் இருக்கிறது. உங்கள் குடும்பத்தில் அந்தக் கல்லூரியில் படித்த மருத்துவரோ, அங்கே பணியாற்றிய தாதியோ, டிரெஸ்ஸரோ (மருத்துவ உதவியாளரோ) இருந்தால், பெட்டியில் கிடக்கும் வகுப்புப் படங்களின் பின்புறம் பெயர்களை எழுதிவையுங்கள். யார் எந்த வரிசையில் நிற்கிறார்கள் என்று சொல்லக்கூடியவர் இருக்கும்போதே எழுதிவிட்டு, காப்பகத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள்.